நூல் கட்டிய குளம்

அப்பாவின் மூக்கு நுனியில் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்த ஈயை விசிறியால் விரட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஏலவார்குழலிக்கு ஞாபகம் வந்தது, இன்றைக்கு புல்டோசர் வருகிற நாள்.

விசிறி அந்தரத்தில் நின்றது. ஈ வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தது.

"விசுறுடி," என்றாள் பட்டம்மாள், அழுகையை விடாமலே. கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவளுக்கு ஈயின் மேலும் ஒரு கண் இருந்தது.

குழலி விசிறினாள். இன்று வியாழன்தானா என்று மனதுக்குள் சரிபார்த்தாள். நேற்று மாலை டைப்ரைட்டிங் வகுப்பு இருந்தது. புதன்கிழமைகளில் அவளுக்குக் கடைசி வரிசை மிஷின்தான் கிடைக்கும். அதில் ஒரு எழுத்து அடித்தால் ஒட்டிக்கொள்ளும். நேற்று ஒட்டிக்கொண்டது. ஆகவே நேற்று புதன். எதற்கும் இன்னொரு தடவை சரிபார்த்தாள். சந்தேகத்துக்கு இடமே இல்லை. "வியாழக்கிழமை மத்தியானம் வண்டி உங்க குளத்தாண்ட வந்து நிக்கும்" என்று ரோடு கான்ட்ராக்டரின் மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார்.

அப்பாவிடம் இன்று காலை, அவர் காபி குடித்து முடித்ததும், சொல்லிவிடுவதாக அவள் தீர்மானித்திருந்தாள். அதற்கான வாக்கியங்களைத் தயார் செய்தும் வைத்திருந்தாள். முதல் வாக்கியம், 'நைனா, கோச்சிக்காத.' இரண்டாவது வாக்கியம் இன்னும் சரியாக அமையவில்லை.

அப்பா காபியைக் குடிக்கவில்லை. விடியற்காலையில் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, "காபி" என்று ஒரு குரல் கொடுத்தார். காபி வந்தபோது பேசவில்லை. கூப்பிட்டால் பதில் சொல்லாதது அவர் வழக்கம். அதனால் பட்டம்மாள் டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய், வாசல் தெளித்து, கோலம் போட்டு, பால்காரனிடம் தண்ணீர்ப் பாலுக்காகச் சண்டை பிடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். டம்ளர் அப்படியே இருந்தது. "சூடா குடுத்தா குடிக்க மாட்டே, ஆறினப்புறம் என்னைத் திட்டுவே," என்று ஆரம்பித்து, அதற்கும் பதில் வராதபோதுதான் குனிந்து பார்த்தாள்.

கண்ணாயிரம் அந்தத் தெருவில் பெரிய மனிதர் இல்லை. எல்லாரையும் போல ஒரு குழித்தறி, எல்லாரையும் போல முதலாளிக்குக் கூலி நெசவு. ஆனால் குளம் விஷயத்தில் மட்டும் அவர் வைத்ததுதான் சட்டம். பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் தெரு முடிகிற இடத்தில் அந்தக் குளம் இருந்தது. இருந்தது என்று பெயர். வண்டல் ஏறி ஏறி, மழைக்காலத்தில் ஒரு மாதம் தவளைக்கு உதவும், அவ்வளவுதான். குளம் தூர்ந்ததும் வீட்டுக் கிணறுகளும் ஒவ்வொன்றாக வற்றின. பெண்கள் பெரிய ரோட்டுக் குழாயில் குடத்தை வரிசை வைத்துவிட்டு, முறை வருகிறவரை அங்கேயே உட்கார்ந்து பூக் கட்டினார்கள்.

அறுபத்தொன்பதாம் வருஷம் தெருக்கூட்டம் போட்டார்கள். "வந்தவாசிப் பக்கம் குளம் வெட்டறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. கூட்டியாந்தா ஒரே வீச்சுல முடிச்சிட்டுப் போவாங்க," என்றார் பக்கத்து வீட்டுக் குப்புசாமி.

கண்ணாயிரம் எழுந்து நின்றார். "ஏன் மச்சான், பொறந்ததுலேர்ந்து குழியில காலை வுட்டுக்கினு உக்காந்திருக்கிறவன் நாம. நமக்குக் குழி வெட்ட ஒருத்தன் வெளியூர்லேர்ந்து வரணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததால் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

வீட்டுக்கு ஒரு பங்கு என்று பிரித்தார்கள். பங்குக்கு எல்லை வேண்டுமே. நெசவாளர் தெருவில் எல்லை போட என்ன கிடைக்கும்? கழிவுப் பாவு நூலை இழுத்து, முளையடித்துக் கட்டினார்கள். தவறு அங்கே ஆரம்பித்தது. பிறந்ததிலிருந்து அறுந்த இழையை முடிந்தே வளர்ந்த ஜனங்கள். நூல் அறுந்துவிடுமோ என்று நூலுக்குக் கீழே ஒருவரும் மண்வெட்டியைப் போடவில்லை. அவரவர் பங்கு கொஞ்சம் பள்ளமாக, நூல் போன வழியெல்லாம் மண் சுவராக நின்றது. கரையிலிருந்து பார்த்தால் குளம் கட்டம் போட்ட புடவை மாதிரி இருந்தது.

அதிலும் அமாவாசைக்கு அமாவாசைதான் தறிக்கு ஓய்வு. எனவே குளத்துக்கும் அமாவாசைக்கு அமாவாசைதான் வேலை. கையில் காய்ப்பு ஏறினால் பட்டு இழை அதில் மாட்டிக்கொள்ளும் என்பதால் உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு, குழந்தைக்குத் தலை வாருகிற பதத்தில் மண்ணைக் கொத்தினார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டார்கள். வெட்டிய மண்ணைப் பெண்கள் கூடையில் சுமந்து கரையில் கொட்டினார்கள். ஐப்பசி மழை அதைத் திருப்பிக் குளத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. மறுபடி அமாவாசை வந்தது. இப்படி வருஷங்கள் போயின.

போன ஆடியில்தான் குப்புசாமியின் மனைவி மணியம்மாள், கூடை சுமந்த கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "ரோடு போடறவங்ககிட்ட புல்டோசர் இருக்குதாம். ஒரே நாள்ல வழிச்சிடுமாம்," என்று கரையில் நின்று சத்தமாகச் சொன்னாள். கண்ணாயிரம் தம் பங்கிலிருந்து தலையை நீட்டினார். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"எந்த மிஷினாச்சும் இந்தக் குளத்துல எறங்கிச்சி, என் பொணம் கூட இந்தத் தெருவைத் தாண்டாது!"

மணியம்மாள் கூடையை எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டாள். குழலிதான், பேசாமல், மாலை வகுப்பில் சுருக்கெழுத்து படிக்கிற கான்ட்ராக்டர் ஆபீஸ் பெண்ணைப் பிடித்தாள். அவள் மூலம் மேற்பார்வையாளரைப் பிடித்தாள். ரோட்டை உயர்த்த அவர்களுக்கு மண் வேண்டியிருந்தது. "மண்ணு எங்களுக்கு, கொளம் உங்களுக்கு," என்றார் அவர். நிச்சயம்தானா என்று குழலி கேட்டுக்கொண்டே இருந்ததில் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. ரோடு வேலை முடிகிறது. அடுத்த வாரம் மிஷின் திண்டிவனம் பக்கம் போய்விடும். ஐப்பசியும் பிறந்துவிடும். இன்றைக்கு விட்டால் குளம் இனி அமாவாசைகளின் கையில்தான்.

குழலி விசிறியை இடக்கைக்கு மாற்றினாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்த மணியம்மாளின் பக்கம் சாய்ந்தாள்.

"அத்தே, இன்னிக்கு அது வருது."

"எதுடி?"

"மிஷினு."

அதுவரை அழுததெல்லாம் ஒத்திகை என்பதுபோல மணியம்மாள், "ஐயோ!" என்று ஒரு சத்தம் போட்டாள். கூடத்திலிருந்த பெண்கள் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டு புதிதாக அழ ஆரம்பித்தார்கள்.

அண்ணன் தர்மனைக் கொல்லைப்புறம் கூப்பிட்டுக் குழலி விஷயத்தைச் சொன்னாள். அவன் ஏற்கனவே வெளுத்திருந்தான். மேலும் வெளுத்தான்.

"நைனா சொன்னது இன்னான்னு ஞாபகம் இருக்குதா உனக்கு?"

"இருக்குதுண்ணா."

"இருந்துமா?"

"சொல்லிடலாம்னுதான் இருந்தேன். காபி குடிச்சதும்."

தர்மன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. அவன் வாழ்க்கையில் யோசனை வருவது அரிது. ஆகவே வந்ததும் ஓடினான். "மிஷினு வர்றதுக்குள்ள எடுத்துடணும்!"

அந்த நிமிஷத்திலிருந்து சாவு வீடு ரயிலடி போல ஆயிற்று. தர்மன் பாடை கட்டுகிறவர்களை விரட்டினான். சங்கு ஊதுகிறவரை முன்னதாகவே ஊதச் சொன்னான். "இன்னாபா அவசரம், அவரு எங்கயும் ஓடிடப் போறதில்ல," என்று குப்புசாமி அதட்டினார். ஆரணியிலிருந்து அப்பாவின் தங்கை பேருந்தில் வந்துகொண்டிருந்தாள். உடன்பிறந்தவள் முகம் பார்க்காமல் எடுக்கக் கூடாது. அவள் வந்து சேர்ந்து, விழுந்து புரண்டு அழுது, மயங்கி, சோடா குடித்து, மறுபடி அழுது முடிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது.

பாடை எழுந்தது. தர்மன் கொள்ளிச்சட்டியோடு கிட்டத்தட்ட ஓட்டமாக முன்னால் போனான். குப்புசாமி முன்பக்கம் வலத் தோள் கொடுத்தார். பெண்கள் தெருக்கோடி வரை போகலாம் என்பதால் பின்னால் நடந்தார்கள். குழலி காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். மேளம், சங்கு, சேகண்டி, அழுகை. வேறு சத்தம் எதுவும் இல்லை. வராமலே போய்விடுமோ என்று ஒரு கணம் நினைத்தாள். அது நிம்மதியா ஏமாற்றமா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் தெரு திரும்பியது.

குளக்கரையில் ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறு பக்கம் குளம். நடுவில் இருந்த ஒரே பாதையை அடைத்துக்கொண்டு, மஞ்சளாக, கோயில் யானையைவிடப் பெரிதாக அது நின்றது. மேலே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

மேளம் தானாகவே நின்றது. மேலே இருந்தவன் பாடையைப் பார்த்தான். தலைத்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இன்னாபா, பொணம் வர்ற வழியில எதுர்ல வந்து நிக்கற?" என்றார் குப்புசாமி.

"நான் எதுர்ல வரலப்பா. நான் நின்னுக்கினு இருக்கேன். நீங்கதான் எதுர்ல வரீங்க."

"பின்னால எடு!"

"பின்னால ஒரு சின்னப் பாலம் இருந்துச்சி. நான் ஏறி வர்றப்ப இருந்துச்சி. இப்ப இல்ல."

குப்புசாமி எட்டிப் பார்த்தார். உண்மைதான். வாய்க்கால் மேலிருந்த பாலத்தின் நடுவில் ஆள் நுழைகிற ஓட்டை இருந்தது.

"அப்ப கொளத்துல எறக்கேன், வழி வுடு," என்றார் ஆரணியிலிருந்து வந்த யாரோ ஒருவர், விவரம் தெரியாமல்.

தெருக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆடியில் அந்தக் குரலைக் கேட்காத காது அங்கே கிடையாது.

"எறக்கக் கூடாது," என்றார் குப்புசாமி, தோளில் இருந்த நண்பரை அண்ணாந்து பார்க்காமலே. "மிஷினு கொளத்துல எறங்கினா பொணம் தெருவைத் தாண்டாதுன்னு மச்சான் சொல்லியிருக்காரு."

"எறங்காட்டியும் தாண்டாதேப்பா," என்றான் மிஷின்காரன்.

எடுத்த பாடையை வீட்டுப் பக்கம் திருப்பவும் கூடாது. சங்கு ஊதுகிறவர், என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு தடவை ஊதினார்.

"எவன் இதை வரச் சொன்னது?" என்று குப்புசாமி கத்தினார்.

"ஏலவார்குழலின்னு ஒரு அம்மா. பேரைப் பார்த்து வயசானவங்களா இருப்பாங்கன்னு நெனச்சேன். ஏன், அவங்கதான் தவறிட்டாங்களா?"

எல்லாத் தலைகளும் திரும்பின. குழலிக்கு இரண்டாவது வாக்கியம் இப்போதும் கிடைக்கவில்லை. "நான்தான்," என்றாள்.

ஒப்பாரி நின்றது. பட்டம்மாள் மகளைப் பார்த்தாள். பிறகு அந்த மஞ்சள் மிஷினைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள். இத்தனை வருஷம் கூடை சுமந்த தலை அவளுடையது. உச்சியில் முடி தேய்ந்திருந்தது.

"பாலத்தையே ஒடச்சிதா?" என்று மிஷின்காரனைக் கேட்டாள்.

"ஆமாம்மா. வேணும்னு இல்ல."

"அப்ப நல்லா வெட்டும்," என்றாள் பட்டம்மாள். உடனே முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

குழலி அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, நைனா சொன்னது மிஷினு எறங்கினா அவர் தாண்ட மாட்டார்னு. மொதல்ல அவர் தாண்டிட்டாருன்னா?"

"எப்படிமா தாண்டறது? பறந்தா?"

"கொளத்து வழியா. இந்தாண்ட எறங்கி, அந்தாண்ட ஏறி. அக்கரை அரசமரத்தோட நம்ம தெரு முடியுது. அப்புறம் மிஷினு எறங்கலாம்." சொல்லிவிட்டு, "சரியா இருக்குதான்னு பாருங்க," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

குப்புசாமி கண்ணை மூடி யோசித்தார். யோசிக்க அதிக நேரம் இல்லை. தோள் வலித்தது.

"எறக்குங்கடா," என்றார். "மிஷினை இல்ல. மச்சானை."

பாடை குளத்தில் இறங்கியது.

அதன் பிறகு நடந்ததைத் தெரு பல வருஷம் சொல்லிச் சிரிக்கும் என்று குழலிக்கு அப்போதே தோன்றியது. முதல் பங்கில் நான்கு எட்டு நடந்ததும் மண் சுவர். அதன் மேல் நூல். முன்னால் தூக்கியவர்கள் காலைத் தூக்கி நூலைத் தாண்டினார்கள். பாடை முன்பக்கம் எழும்பியது. பின்னால் தூக்கியவர்கள் தாண்டினார்கள். பின்பக்கம் எழும்பியது. தோளில் பிணம், காலடியில் சேறு, அப்போதும் ஒருவரும் நூலை மிதிக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் அப்பாவின் தலை இடமும் வலமும் ஆடியது. ஒவ்வொரு வீட்டுப் பங்கையும் பார்த்து, இதுவும் சரியில்லை, இதுவும் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே போவது போல.

"இது எவன் வூட்டுப் பங்குடா? மேடாவே கெடக்குது. ஒரு கொத்து கூட வுழலியே!" என்று குப்புசாமி தடுமாறிக்கொண்டே திட்டினார்.

"உன்னுதுதான் மாமா," என்றான் பின்னால் தூக்கியவன்.

கரையில் நின்ற பெண்களில் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு, சிரிப்பை அழுகையாக மாற்ற முயன்றாள். முடியவில்லை. மணியம்மாளுக்குத் தோள் குலுங்கியது. குழலி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அக்கரை மூலையில் அப்பாவின் பங்கு. அது மட்டும் உண்மையான ஆழம். நான்கு பக்கமும் தேய்த்து வைத்தாற்போல் நேரான சுவர், உட்காரத் திட்டு, காலைத் தொங்கவிட இடம். தமக்குத் தெரிந்த ஒரே குழியை அவர் பெரிதாக வெட்டியிருந்தார். போன அமாவாசைக்கு நட்ட மண்வெட்டி இன்னும் அதில் நின்றது.

"இதுல எறங்கினா ஏற முடியாது. சுத்திக்கினு போங்கடா," என்றார் குப்புசாமி. பாடை அந்தக் குழியைப் பாதி சுற்றிக் கரையேறியது. அரசமரத்தடியில் சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் மேளச் சத்தம் ஆற்றுப் பக்கம் தேய்ந்து போயிற்று.

"தாண்டிட்டாருடி," என்றாள் மணியம்மாள், மூக்கைச் சிந்தி.

"மரத்தைத் தாண்டிட்டாங்களா? நல்லா பாத்தியா அத்தே?"

"பாத்தேன்டி."

"எறக்கட்டுமாம்மா?" என்றான் மிஷின்காரன். பூவராகவன் என்று பெயர் சொல்லியிருந்தான். சாத்தனூர் அணையில் ரிப்பேர் வேலை செய்தவன் என்பதையும் யாரும் கேட்காமலே சொல்லியிருந்தான்.

"ஒரு நிமிஷம்."

குழலி குளத்தில் இறங்கினாள். முளையிலிருந்து நூலை அவிழ்த்து இடக்கை விரல்களில் சுற்ற ஆரம்பித்தாள். மணியம்மாள் பார்த்தாள். அவளும் இறங்கி அடுத்த நூலை அவிழ்த்தாள். பிறகு எல்லாப் பெண்களும் இறங்கினார்கள்.

"இன்னாம்மா இது! ரோட்டுல மிஷினை நிறுத்திட்டு நூல் சுத்திக்கினு இருக்கீங்க?"

"அறுந்துடும்பா," என்றாள் மணியம்மாள். அதற்குமேல் விளக்கம் தேவை என்று அவள் நினைக்கவில்லை.

நூல் முழுவதும் ஒரு உருண்டையாகக் குழலியின் மடிக்கு வந்தது. கரையேறினாள். "அந்த மூலையை மட்டும் வுட்டுடுங்க," என்றாள் பூவராகவனிடம்.

"சரிம்மா."

"இல்ல, வுட்டா தண்ணி ஒழுங்கா நிக்காதா?"

"நிக்கும். மூலை மட்டும் தனியா தெரியும்."

"அப்ப எடுத்துடுங்க." அவன் சாவியைத் தொட்டான். "இல்ல, வேணாம்," என்றாள். "உங்களுக்கு எது சரின்னு படுதோ..."

"எனக்கு எல்லாப் பள்ளமும் ஒண்ணுதாம்மா," என்றான் பூவராகவன். மிஷின் உறுமியது.

அது இறங்கி நடந்த முதல் நடையிலேயே பாதிக் கட்டங்கள் காணாமல் போயின. இரண்டாவது நடையில் குப்புசாமியின் மேடு போயிற்று. எத்தனையோ அமாவாசைகள் தகட்டின் முன்னால் சுருண்டு சுருண்டு கரைக்குப் போய் ஒதுங்கின. தெருக் குழந்தைகள் கத்தின. மணியம்மாள் கழுத்தை நீவிக்கொண்டே பார்த்தாள். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று குழலிக்குத் தெரிந்தது. இருக்கிறோமா என்று பார்த்தாள். மனசுக்குள் அந்தப் பக்கம் சரியாகத் தெரியவில்லை. மேற்கே மேகம் கறுத்திருந்தது, அது மட்டும் தெரிந்தது.

மூலையை விடுவதா எடுப்பதா என்பதைப் பூவராகவன் கடைசிவரை தள்ளிப்போட்டான். கடைசியில் ஓரத்தை மட்டும் சீவிவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்க வேண்டும். சாத்தனூர் அணைக்காரனுக்கு ஒரு நெசவாளியின் குழி எம்மாத்திரம். மிஷினின் இடப் பக்கம் விளிம்பைத் தொட்டது. நேராக வெட்டிய மண் சுவர் ஒரே துண்டாகப் பெயர்ந்தது. புல்டோசர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தறிக்குழியில் ஒரு காலை மட்டும் விட்டு உட்கார்ந்தவன் மாதிரி உட்கார்ந்துவிட்டது. அவன் முடுக்கினான். இன்னும் கொஞ்சம் வசதியாக உட்கார்ந்தது.

மிஷினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். முதல் தடவையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணாடி இல்லாமல் அவன் தர்மனைவிடச் சின்னவனாகத் தெரிந்தான்.

"யாரும்மா இந்தக் குழியை வெட்டினது?"

"இப்பத்தானே தூக்கிக்கினு போனாங்க," என்றாள் பட்டம்மாள். "அவருதான்."

ஆற்றில் முழுகிவிட்டு ஆண்கள் ஈர வேட்டியோடு அரசமரத்தடிக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. எல்லாரும் அப்படியே நின்றார்கள். கட்டங்கள் இல்லாத குளத்தை முதலில் பார்த்தார்கள். பிறகு மூலையில் சாய்ந்து கிடந்த மஞ்சள் மிஷினைப் பார்த்தார்கள்.

குப்புசாமி கரையில் பொத்தென்று உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். முதுகு குலுங்கியது. அழுகிறார் என்று குழலி கிட்டே போனாள்.

"மச்சான் வுட்டாரா பாரு," என்றார் துண்டுக்குள்ளிருந்து. சிரிப்பில் அவரால் பேச முடியவில்லை. "குளிச்சிட்டு வந்தவங்களை, பழையபடி குழி வெட்ட... இன்னிக்கு அமாவாசை கூட இல்லியேடி!"

"நேரா வூட்டுக்குப் போய் வெளக்கைப் பாக்கணும் மாமா," என்றான் தர்மன். "முழுகிட்டு வந்து சேத்துல எறங்கக் கூடாது."

"வெளக்கு எங்கயும் போவாது," என்றாள் பட்டம்மாள். "அதுக்கு எண்ணெ ஊத்தி வெச்சிட்டுத்தான் வந்திருக்கேன். மழை வந்தா இந்த மிஷினுதான் கொளத்தோட மூழ்கிப் போவும். அந்தப் பையன் பாவம், எவனுக்கு இன்னா பதில் சொல்லுவான்?"

பிறகு ஒருவன் வீட்டுப் பக்கம் நடந்தான். திரும்பி வந்தபோது கையில் மண்வெட்டி இருந்தது. சாவு விழுந்த தெருவில் அன்று தறி ஓடாது. எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். எனவே எல்லாரும் வந்தார்கள். கையில் சுற்றிக்கொள்ளத் துணி தேடியவர்கள் ஈரத் துண்டையே கிழித்துச் சுற்றிக்கொண்டார்கள். எது யார் பங்கு என்று கேட்க நூல் இல்லை. மிஷினுக்கு முன்னால் சரிவாக ஒரு வழி வெட்ட வேண்டும் என்றான் பூவராகவன். அவனும் ஒரு கடப்பாரையை வாங்கிக்கொண்டான்.

"ஏன்டா, பலமா கொத்துங்கடா. பட்டுப் புடவையா நெய்யறீங்க?" என்று குப்புசாமி சத்தம் போட்டார். அவர் இன்னும் கரையில்தான் உட்கார்ந்திருந்தார்.

"நீ எறங்கு மாமா, அப்புறம் பேசலாம்," என்று கீழிருந்து பதில் வந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

குழலி குழிக்குள் இறங்கினாள். அப்பாவின் மண்வெட்டி மிஷினின் பக்கத்தில் மண்ணுக்குள் பாதி புதைந்திருந்தது. ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். அப்பா இதை யாரையும் தொட விட்டதில்லை. கை வழுக்காமலும் காய்ப்பு ஏறாமலும் இருக்க, பிடி முழுவதும் கழிவுப் பட்டிழையை நெருக்கமாகச் சுற்றியிருந்தார். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு இடத்தில் மட்டும் பட்டு தேய்ந்து, விளக்கெண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது.

அந்த இரண்டு இடமும் அவள் கைக்கு ஒத்துவரவில்லை. இடைவெளி அதிகம். மேல் கையைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்துப் பார்த்தாள். கீழ்க் கையைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் கறுத்த இடத்திலேயே வைத்து, ஓங்கி மண்ணில் போட்டாள்.

அவள் மூக்கு நுனியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. இரண்டு கையும் பிடியில் இருந்தன. கூடையோடு பக்கத்தில் நின்ற பட்டம்மாள் முந்தானையால் ஒரு விசிறு விசிறினாள்.